வேலைக்கும் போய்க்கொண்டு ஆசைப்பட்டதையும் செய்வது: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடைச்சீட்டுகளை ஏற்றுவது, மாதக் கடைசியில் பில் போடுவது, இதுதான் சம்பளம் தரும் வேலை. மற்ற நேரத்தில் பறவைகளையும் சோலைச் செடிகளையும் வாட்டர் கலரில் வரைகிறேன். அவை தபால் அட்டையாகவும் காலண்டராகவும் விற்கின்றன, சில தங்கும் விடுதிகளின் சுவரிலும் தொங்குகின்றன.

இது தெரிந்தவர்கள் பஸ் ஸ்டாண்டிலும் கல்யாண வீட்டிலும் போனிலும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சட்டம், வரி வரும் இடங்களில் பொதுவான விதியைச் சொல்கிறேன், உங்கள் விஷயத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை ஒரு ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, வேலைக்கும் போய்க்கிட்டு இதையும் பண்றது நிஜமாவே முடியுமா?

முடியும். இந்த மலையில் ரெண்டு வேலை ஒன்றும் புதுசு இல்லை. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டே ஊரில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், ஷிப்ட் முடிந்து வந்து கேரட் பாத்திக்குத் தண்ணீர் விடுகிறவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் யாரும் இதெல்லாம் முடியுமா என்று கேட்பதில்லை. தேயிலை என்றால் பிழைப்பு, படம் வரைவதும் பாடுவதும் என்றால் பொழுதுபோக்கு என்று நாமே பிரித்து வைத்திருப்பதால் வருகிற கேள்வி இது.

ஆனால் ஒன்று. தோட்டம் வைத்திருப்பவர் அதற்கென்று ஒரு நேரமும் ஒரு கணக்கு நோட்டும் வைத்திருப்பார், மழை வந்தால் என்ன செய்வது, ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருப்பார். ஆசைப்பட்ட வேலைக்கு நாம் இதில் எதையும் செய்வதில்லை. மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம், அப்புறம் மிச்சமே இல்லை என்கிறோம்.

நேரம் எப்படி ஒதுக்குறீங்க? எனக்கு வீட்டுக்கு வந்தா படுக்கத்தான் தோணுது.

எனக்கும் அப்படித்தான். அதனால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு எந்த மாதம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் ஏப்ரல், மே மாதங்களில் மழை விழுந்ததும் கொழுந்து குவியும், ராத்திரியெல்லாம் மெஷின் ஓடும், எடைச்சீட்டு மலையாகச் சேரும். மழைக்காலம் முடிந்து இன்னொரு சுற்று வரும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பள்ளத்துத் தோட்டங்களில் உறைபனி விழுந்து செடி கருகும், வரத்து குறையும், அலுவலகமும் தூங்கி வழியும். என் படங்களில் பெரும்பாலானவை அந்தக் குளிர்மாதங்களில் வரைந்தவைதான். கொழுந்து குவிகிற காலத்தில் நான் பென்சிலைத் தொடுவதே இல்லை, அதற்காக வருத்தப்படுவதும் இல்லை.

உங்கள் வேலைக்கும் இப்படி ஒரு பஞ்சாங்கம் இருக்கும். ஹோட்டலில் வேலை என்றால் சீசன் முடிந்த ஜூலை, ஆகஸ்ட். பள்ளிக்கூடம் என்றால் பரீட்சை விடுமுறை. பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத்தான் பஞ்சாங்கம் கிடையாது, எல்லா மாதமும் ஒன்று. அவர்களுக்கு வாரத்தில் ஒரு காலைப் பொழுதைப் பிடித்துவைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அந்த ஒரு காலையில் மீட்டிங் வைக்க விடாதீர்கள்.

பொம்பளைங்களுக்கு இது ஒத்துவருமா? வீடு, பிள்ளைங்க, மாமியார் எல்லாம் இருக்கே.

இதைக் கேட்பவர்களில் ஒரு ஆண்கூடக் கிடையாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு வேலை இருக்கிறது, சேர்ப்பது மூன்றாவது. அதனால் ரெண்டாவதில் ஏதாவது ஒன்று வேறு ஒருவர் கைக்குப் போகாமல் மூன்றாவது வராது. எங்கள் வீட்டில் ராத்திரிச் சமையல் என் கணவர் பொறுப்பு. ஆரம்பத்தில் முகம் சுளித்த மாமியார், முதல் காலண்டர் அச்சாகி வந்ததும் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். உங்கள் வீட்டில் இதே மாதிரி நடக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். பேசாமல் மட்டும் நடக்காது.

மழைக்காலத்துல எல்லாம் பூஞ்சணம் பிடிச்சிடுது, நீங்க என்ன பண்றீங்க?

இந்தக் கேள்வி கேட்டால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் கீழே சமவெளியில் இருப்பவர்கள் எழுதும் எந்த அறிவுரையிலும் இது இருக்காது. மூடுபனி இறங்கிய நாளில் வாட்டர் கலர் காயவே காயாது. முதல் பூச்சு காய்ந்துவிட்டது என்று நினைத்து ரெண்டாவது வண்ணத்தை வைத்தால் அது கீழே கசிந்து ஓரமெல்லாம் பூப்பூவாக விரியும், நீலகிரி ஈப்பிடிப்பானின் நீல முதுகு மேகம் மாதிரி ஆகிவிடும். ஹேர் டிரையரைத் தூரமாகப் பிடித்து மெதுவாகக் காயவைக்க வேண்டும், பக்கத்தில் பிடித்தால் தாள் நெளியும்.

தாள்களைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். உள்ளே சிலிக்கா ஜெல் பைகள் கிடக்கும், அவை ஈரத்தைக் குடித்து முடித்ததும் உள்ளிருக்கும் மணிகளைக் கொட்டி வாணலியில் லேசாகச் சூடாக்கி மறுபடியும் போடலாம். முடித்த படங்களுக்கு மர அலமாரி, அதற்குள் அடித்தட்டில் ஒரு சின்னக் குண்டு பல்பு மழைக்காலம் முழுக்க எரியும். எல்இடி பல்பு போட்டால் பிரயோஜனம் இல்லை, அதில் சூடு வராது. பல்புக்குப் பக்கத்தில் தாளோ துணியோ படாமல் கம்பிக் கூண்டு போட்டிருக்கிறேன். கேமரா வைத்திருப்பவர்களும் லென்ஸை இப்படித்தான் காப்பாற்ற வேண்டும், கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரி ஓட ஆரம்பித்துவிட்டால் சுத்தம் செய்யக் கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டியிருக்கும். மிருதங்கம், தபேலா வாசிப்பவர்களும் வாத்தியத்தை இந்த மாதிரி அலமாரியில் வைக்கலாம், தோல் தொய்யாமல் இருக்கும்.

இதற்கெல்லாம் ஆகும் கரண்ட் பில்லும் உங்கள் செலவுதான், விலை சொல்லும்போது ஞாபகம் இருக்கட்டும்.

ஆபீஸ்ல சொல்லணுமா, சொல்லாமலே செய்யலாமா?

உங்கள் வேலை நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேறு எந்த வேலையிலும் தொழிலிலும் ஈடுபடக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், தனியார் கம்பெனிக் கடிதங்களில் இது அடிக்கடி இருக்கும். இருந்தால் எழுதிக் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாயால் சொன்ன அனுமதி மேனேஜர் மாறினால் காற்றோடு போய்விடும்.

அந்த வரி இல்லாவிட்டாலும் சொல்லிவிடுவதுதான் நல்லது என்பேன். இது சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நீங்கள் கடை போட்டால் திங்கட்கிழமை காலை டீ வருவதற்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். அவர்கள் வேறு ஒருவர் வாயால் கேட்பதற்கு முன் உங்கள் வாயால் கேட்டிருந்தால் பாதிச் சந்தேகம் எழவே எழாது. முதலாளியின் போட்டியாளருக்கே வேலை செய்து கொடுப்பது, அலுவலகக் கம்ப்யூட்டரில் உங்கள் பில் அடிப்பது, இந்த ரெண்டையும் செய்யாதீர்கள்.

வேலையை விட்ட பிறகும் ரெண்டு வருஷம் இதே தொழில் பண்ணக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்களே?

வேலையில் இருக்கும்போது போடும் கட்டுப்பாடு வேறு, விட்ட பிறகு போடும் கட்டுப்பாடு வேறு. 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. அதனால் விட்ட பிறகான தடை பெரும்பாலும் நிற்காது. அதற்காகப் பழைய கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலைக் கையோடு எடுத்துப் போகலாம் என்று அர்த்தம் இல்லை, ரகசியத்தைக் காப்பது தனி விஷயம், அது விட்ட பிறகும் தொடரும்.

நான் கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர். கதை எழுதறேன், சனி ஞாயிறு டியூஷனும் எடுக்கலாம்னு இருக்கேன். பிரச்சினை வருமா?

கதைக்குப் பிரச்சினை இல்லை, டியூஷனுக்கு உண்டு. 1973ஆம் வருடத்துத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் தனியார் தொழிலோ வேலையோ செய்யக் கூடாது. ஆனால் எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் வேலைகளுக்கு விலக்கு இருக்கிறது, உங்கள் கடமை கெடக் கூடாது என்ற நிபந்தனையோடு. வெலிங்டனிலோ வேறு மத்திய அரசு அலுவலகத்திலோ இருப்பவர்களுக்கு 1964ஆம் வருடத்து மத்திய விதிகள், அதிலும் இதே போக்குத்தான்.

டியூஷன் கதை வேறு. 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுக்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. 'எல்லாரும்தான் எடுக்கிறார்கள்' என்பார்கள். புகார் எழுதுகிறவர் எல்லாரையும் பற்றி எழுத மாட்டார், உங்களைப் பற்றித்தான் எழுதுவார்.

அப்போ வீட்டுக்காரி பேர்ல நடத்தினா?

அவர் உண்மையிலேயே நடத்தினால் அது அவர் தொழில், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மூட்டை தூக்கிக் கொடுக்கலாம். பெயர் மட்டும் அவருடையது, வேலை முழுக்க உங்களுடையது என்றால் மேலே சொன்ன விதியை மீறுவதோடு ஒரு பொய்யும் சேர்கிறது. மத்திய அரசு ஊழியர் என்றால் குடும்பத்தில் ஒருவர் தொழில் செய்வதையே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வருமான வரியிலும் இது தப்பாது, நீங்கள் போட்ட பணத்திலிருந்து மனைவிக்கு வரும் வருமானத்தை உங்கள் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிட வழி இருக்கிறது.

எவ்வளவு விலை சொல்றதுன்னே தெரியல. சம்பளம் வருதே, கம்மியாவே வாங்கிக்கலாம்ல?

கூடாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். ஊட்டியில் படம் வரைந்தே பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாண போட்டோ எடுத்தே வாடகை கட்டுபவர்கள், கேக் செய்தே பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும் என்ற தைரியத்தில் நான் பாதி விலைக்குக் கொடுத்தால் விடுதிக்காரர் அடுத்த முறை அவர்களிடம் போய் 'அந்த அம்மா இவ்வளவுக்குத் தருகிறார்களே' என்பார். என் ஆசைக்கு அவர்கள் வயிற்றில் அடிப்பது எந்த வகை நியாயம்?

சம்பளம் இருப்பதன் உண்மையான பிரயோஜனம் வேறு. பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்ல முடிவதுதான் அது. முதலில் தாள், வண்ணம், படத்துக்குப் போடும் பிரேம், பஸ் செலவு, அந்த அலமாரி பல்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு உங்கள் நேரத்துக்கு, குறைந்தபட்சம் அலுவலகத்தில் ஒரு மணி நேரத்துக்கு என்ன விழுகிறதோ அதைப் போடுங்கள். வருகிற தொகையைக் கேட்டு எதிரே இருப்பவர் முகம் மாறினால் மாறட்டும், அந்த மாதம் அரிசி வாங்க அவர் பணம் தேவையில்லை அல்லவா? சொந்தக்காரர்கள் ஓசியில் கேட்டால் வருஷத்துக்கு இன்னாருக்குப் பரிசு என்று நீங்களே முடிவு செய்து கொடுங்கள், மற்றவர்களுக்கு விலை.

ஏப்ரல் மே சீசன்லதான் விக்கும், ஆனா அப்பதான் லீவு கிடைக்காது. என்ன செய்ய?

ஊட்டி மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி, கோத்தகிரி காய்கறிக் கண்காட்சி எல்லாம் கோடையில்தான், எங்கள் தொழிற்சாலைக்கும் அதுதான் உச்சம். ஒரே வழி, சரக்கை முன்பே முடித்துவைத்து விற்பதை வேறு ஒருவரிடம் விடுவது. குளிர்மாதங்களில் வரைந்ததை மார்ச்சுக்குள் அச்சடித்து, கடைகளுக்குக் கமிஷன் பேசிக் கொடுத்துவிடுகிறேன். கமிஷன் அதிகம் என்று தோன்றும். நீங்கள் கடையில் உட்கார்ந்தால் இழக்கும் லீவுச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்போது தோன்றாது.

சுற்றுலாப் பயணிகளை மட்டும் நம்பாதீர்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது, 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வெளியூர் வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. கொடைக்கானலில் 4,000, 6,000. மலைக்கு இது நல்லது என்பது என் கட்சி, கடைக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். எப்படியானாலும் கூட்டத்தின் அளவு இனி நம் கையில் இல்லை. தபாலில் அனுப்புவது, காலண்டரை உள்ளூர்க்காரர்களுக்கே விற்பது என்று இன்னொரு காலும் தரையில் இருக்கட்டும்.

வீட்டுல சாக்லேட், வர்க்கி செஞ்சு விக்க என்னென்ன வேணும்?

வீட்டுச் சமையலறை ஆனாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், சின்ன அளவுக்கு இணையத்திலேயே செய்யலாம். டப்பாவில் என்னென்ன சேர்த்தது, எப்போது செய்தது, எதுவரை சாப்பிடலாம், பதிவு எண் எல்லாம் போட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை, இந்த மாவட்டத்தில் கெடுபிடி அதிலும் ஜாஸ்தி, அதனால் பேப்பர் டப்பாவாகவே ஆரம்பியுங்கள். நானும் தபால் அட்டைகளைப் பேப்பர் உறையில்தான் போடுகிறேன்.

பேர்ட் வாட்சிங் கூட்டிட்டுப் போறேன், சனி ஞாயிறு ட்ரெக் போட்டா நல்ல காசுன்னு சொல்றாங்களே?

ரோட்டோரமாக, தேயிலைத் தோட்டக்காரரின் அனுமதியோடு தோட்டத்துக்குள், உங்கள் ஊர் எல்லையில் பறவை காட்டுவதில் பிரச்சினை இல்லை. காப்புக்காட்டுக்குள் கூட்டிப் போக வனத்துறை அனுமதி வேண்டும், பாதை தெரியும், சின்ன வயசிலிருந்து நடந்தது என்பதெல்லாம் அனுமதி ஆகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தது ஞாபகம் இருக்கும்தானே, அதற்குப் பிறகு யாரும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

சட்டப்படி செய்ய ஆசை என்றால் 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தைப் பாருங்கள், மாநிலம் முழுக்க 40 பாதைகள், பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள்தான் வழிகாட்டிகள். தீப்பிடிக்கும் வறண்ட மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதையும் உங்கள் மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மசினகுடி பக்கம் மாமா நிலம் இருக்கு. ஹோம்ஸ்டே கட்டி விட்டா வேலைக்குப் போய்க்கிட்டே பார்த்துக்கலாமே?

மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமி யானை வழித்தடம். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அங்கிருந்த விடுதிகளுக்குச் சீல் வைக்கச் சொன்னது, 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பு செல்லும் என்றும் தீர்ப்பு வந்தது. அங்கே பணம் போடும் முன் சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விசாரியுங்கள். மலையின் மற்ற பகுதிகளிலும் கட்டட அனுமதி சமவெளி மாதிரி கிடையாது. அப்புறம் ஹோம்ஸ்டே என்பது 'பார்த்துக்கொள்ளலாம்' என்கிற வேலையும் இல்லை, ராத்திரி பதினொரு மணிக்கு வெந்நீர் வரவில்லை என்று போன் வரும்.

தோடர் எம்பிராய்டரி டிசைனைப் பையில பிரிண்ட் போட்டு விக்கலாம்னு ஒரு ஐடியா, எப்படி?

வேண்டாம். தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைத் துணியில் இழை எண்ணிக் கறுப்பும் சிவப்புமாகக் கையால் போடும் வேலை அது, அந்தப் பெண்கள் பூத்துக்குளிப் போர்வைக்குப் போட்டது. மெஷினில் அச்சடித்ததை அந்தப் பெயரில் விற்றால் சட்டப்படியும் தப்பு, விலை விஷயத்தில் நான் மேலே சொன்ன அதே அநியாயமும் ஆகிறது. மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், இருப்பவர்களிடமே வேலைப்பாடு வாங்கி, அவர்கள் சொல்லும் கூலி கொடுத்து, உங்கள் பையில் தைத்து விற்கலாம், அது நல்ல வியாபாரமும்கூட.

கம்பெனி டீ பாக்கெட்டுக்கு நான்தான் படம் வரைஞ்சேன். அதை என் காலண்டர்ல போடலாமா?

சிக்கல் இங்கேதான். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் ஒரு பகுதியாகச் செய்து கொடுத்த படைப்பு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, முதலாளிக்குச் சொந்தம். உங்களை டிசைனராக எடுத்திருந்தால் அந்தப் படம் கம்பெனியுடையது. கணக்கு எழுத எடுத்துவிட்டு 'நீ நன்றாக வரைவாயே, ஒன்று போட்டுக் கொடு' என்று கேட்டிருந்தால் அது வேலையின் பகுதியா இல்லையா என்று ரெண்டு பக்கமும் வாதாடலாம்.

வாதாட வேண்டாம் என்றால் அப்படிக் கேட்கும்போதே ஒரு மெயில் போதும்: இது என் வேலைக்கு வெளியே செய்தது, பாக்கெட்டில் பயன்படுத்த அனுமதி தருகிறேன், உரிமை என்னிடம். அதற்குத் தனியாகப் பணம் வாங்குங்கள், சின்னத் தொகையானாலும் பரவாயில்லை. வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கும்தான்.

இந்தச் சில்லறை வருமானத்துக்கெல்லாம் வரி கட்டணுமா?

கணக்கில் காட்ட வேண்டும். கட்ட வேண்டி வருமா என்பது மொத்தத் தொகையைப் பொறுத்தது. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் வருஷ வருமானம் 12 லட்சம் வரை வரி வராது என்பதால் நம்மில் பலருக்குக் கையை விட்டு ஒன்றும் போகாது. ஆனால் சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவத்தில் தொழில் வருமானத்தைக் காட்ட முடியாது, சின்னத் தொழில் என்றால் ஐடிஆர்-4 போகும். விடுதிகளும் கம்பெனிகளும் உங்களுக்குக் கொடுக்கும்போது டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கும், மறைத்துப் பிரயோஜனம் இல்லை. பச்சைத் தேயிலை விற்ற பணம் விவசாய வருமானம், அதைத் தனியாக எழுதிவையுங்கள்.

இன்னொன்று, அந்தப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. இதைச் செய்தால் மேலே சொன்ன பாதி வேலை தானாக முடியும்.

இப்படி ரெண்டும் பண்ணினவங்க யாராவது பெருசா சாதிச்சிருக்காங்களா?

இந்த மலையிலேயே இருக்கிறார்கள். நான் அதிகம் வரைந்த பறவை நீலகிரி சிரிப்பான், தேயிலைத் தோட்டத்து ஓரப் புதரில் கூட்டமாக இருந்துகொண்டு ஊரையே கேலி செய்கிற மாதிரிக் கத்தும். அதை 1839இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் தாமஸ் ஜெர்டன், அவருக்குச் சம்பளம் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, வேலை மருத்துவர். இன்னும் பக்கத்தில் பார்த்தால் குன்னூரில் வக்கீலாக இருந்த இ.ஆர்.சி. டேவிதார். வழக்குகளுக்கு நடுவில் வரையாடுகளை எண்ணிக் கணக்கெடுத்தவர், அந்த விலங்கைப் பற்றிய ஆரம்ப ஆய்வுகளில் ஒன்று 1975இல் அவர் செய்தது. இன்று அக்டோபர் 7ஐ வரையாடு தினமாகத் தமிழ்நாடு அரசு கொண்டாடுவது அவர் நினைவாகத்தான்.

ஆசையா ஆரம்பிச்சது இப்போ இன்னொரு ஆபீஸ் மாதிரி ஆயிடுச்சு. வெறுப்பா இருக்கு.

ஆர்டர் அதிகமானால் இது வரும். எல்லா விடுதிக்கும் வரையாடும் மலை ரயிலும்தான் வேண்டும், மலை ரயிலை மட்டும் வருஷம் முழுக்க வரைந்தால் யாருக்குத்தான் வெறுக்காது. விலையை ஏற்றுங்கள், ஆர்டர் குறையும், வருமானம் பெரிதாகக் குறையாது. அப்படியும் தீரவில்லை என்றால் ஒரு சீசன் முழுக்க விற்காமல் இருந்து பாருங்கள். சம்பளம் வருகிறதே, எதற்குப் பயம்? விற்காதபோதும் கை பென்சிலைத் தேடவில்லை என்றால் ஆசை வேறு எங்கோ போய்விட்டது, அதன் பின்னால் போங்கள். அதுவும் ஒரு பதில்தான்.

சரி அக்கா, எப்போதான் வேலையை விடலாம்?

ரெண்டு கணக்கு பாருங்கள். முதலாவது மாதக் கணக்கு. ஏப்ரல், மே வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்துக் கனவு காணாதீர்கள், ஜூலையிலும் நவம்பரிலும் என்ன வந்தது என்று பாருங்கள். மண் சரிந்து குன்னூர் ரோடு மூடிய வாரத்திலும் வீட்டுச் செலவு நடந்ததா? ஒரு முழு வருஷம், மழையும் பனியும் சேர்த்து, அப்படி ஓடியிருந்தால் பேசலாம்.

ரெண்டாவது தேதிக் கணக்கு, இதைத்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். வழக்கமான வேலையில் ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தால்தான் விட்டுப் போகும்போது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. நான்கு வருஷமும் சில மாதங்களும் ஆகியிருந்தால் இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். பிஎஃப் ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷச் சேவை வேண்டும். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு இருக்கும், வேலை போனால் அதுவும் கொஞ்ச நாளில் போய்விடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் என்றால் சொந்தக் காசில் காப்பீடு எடுத்துவிட்டுத்தான் ராஜினாமா கடிதம். நான் இன்னும் விடவில்லை, விடும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை. எடைச்சீட்டு எனக்குப் பிடித்தும் இருக்கிறது, இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

விட்டுட்டேன், ஒத்துவரல. திரும்ப வேலைக்குப் போனா கேவலமா பேசுவாங்களா?

பேசுவார்கள், ஒரு மாதம். பிறகு வேறு வீட்டுக் கதை கிடைத்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான், நடுவில் பிஎஃப் பணத்தை எடுத்துவிடாதீர்கள். ஐந்து வருஷம் முடியும் முன் எடுத்தால் வரி விழும், ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் மேலே சொன்ன பத்து வருஷத்தில் பழைய வருஷங்கள் சேராது. புது இடத்தில் சேரும்போது அதே யுஏஎன் எண்ணை (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) கொடுங்கள், பழைய கணக்கை மாற்றச் சொல்லி அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.